திருகோணமலை வெக்கையில் நுண்துளைப் பளிங்கு வளர்ப்பது: பல்பகுதியம் சேர்த்து வேகப்படுத்தும் வழி

நுண்துளைச் சேதனப் பொருள்களைப் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டு "இதை நாங்களும் ஒருக்கால் செய்து பார்க்கலாமா?" என்று கேட்கிற வளாக மாணவர்களுக்கும், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கும் இது. ஆய்கூடமும், புகை உறிஞ்சும் கூண்டும், விஷயம் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். வீட்டுக் குசினியில் செய்கிற வேலை இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கிழமை எடுக்கிற பளிங்கை ஒரு மணித்தியாலத்தில் விழவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விழுந்தது உண்மையிலேயே நீங்கள் தேடிய பளிங்குதானா, அதன் துளைகள் வெறுமையாக இருக்கின்றனவா, இல்லை வேகப்படுத்தப் போட்ட பல்பகுதியமே (நீளச் சங்கிலி மூலக்கூறு) உள்ளே போய்க் குந்திக்கொண்டதா என்று காட்டுவதுதான் வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் சோதிக்கிற பகுதி, செய்கிற பகுதியைவிட நீளமாக வந்தால் கோபிக்க வேண்டாம்.

எதில் தொடங்குவது

இந்தத் துறை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொஃப் என்கிற, பங்கீட்டுவலுப் பிணைப்பால் கட்டிய சேதனச் சட்டகங்கள். 2005 இல் ஓமர் யாகியின் குழு கொஃப்-1, கொஃப்-5 என்று முதல் இரண்டையும் வெளியிட்டது. பின்னால் வந்த இமைன் வகைக்கு (அல்டிகைட்டும் அமைனும் சேர்ந்து பிணைவது) வழமையான செய்முறை இப்படிப் போகும்: டையொக்சேனும் மெசிற்றிலீனும் கலந்த கரைப்பான், கொஞ்சம் அசற்றிக் அமிலம், திரவ நைதரசனில் உறையவைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, கண்ணாடிக் குழாயின் வாயைச் சுவாலையில் உருக்கி மூடி, 120 பாகையில் மூன்று நாள். புதிதாக வருகிறவர் திருகோணமலையில் நின்றுகொண்டு இதில் தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குழாய் வெடிக்கிற பயம் ஒரு பக்கம், கடைசியில் கிடைக்கிற மஞ்சள் தூள் பளிங்கா வெறும் தூளா என்று கண்ணால் சொல்ல முடியாதது மறு பக்கம்.

அதற்குப் பதிலாகக் காமா சைக்கிளோடெக்ஸ்ரினை எடுங்கள். மாப்பொருளில் இருந்து நொதியத்தால் செய்கிற, எட்டுக் குளுக்கோசு அலகுகள் வளையமாகச் சேர்ந்த வெள்ளைத் தூள் அது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு தண்ணீரில் கரைத்து, மெதனோல் ஆவியை மெதுவாக உள்ளே விட்டால் கனசதுரப் பளிங்குகள் வளரும். 2010 இல் ஃபிரேசர் ஸ்ரொடார்ட்டின் குழு வெளியிட்ட பொருள் இது. 2016 இல் மூலக்கூற்று இயந்திரங்களுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஸ்ரொடார்ட்தான். சைக்கிளோடெக்ஸ்ரினால் கட்டிய மொஃப், அதாவது உலோக-சேதனச் சட்டகம், என்பதால் சிடி-மொஃப் என்று கூப்பிடுவார்கள். ஆறு வளையங்கள் சேர்ந்து ஒரு பெட்டி, பெட்டியின் உள்ளே 1.7 நனோமீற்றர் அகல அறை, அதற்கு 0.78 நனோமீற்றர் வாசல்கள். வளையங்களைப் பிடித்து வைத்திருப்பது பொற்றாசியம் அயன்கள் என்பதால் இதை முழுச் சேதனப் பொருள் என்று சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல்பகுதியம் பளிங்கை என்ன செய்கிறது என்று படிக்க இதைவிட லேசான பொருள் எனக்குத் தெரியாது, அதோடு விளைவைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கலாம்.

பல்பகுதியம் அங்கே என்ன செய்கிறது

நிலாவெளி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வெயில் சுள்ளென்று அடித்துத் தண்ணீர் கெதியாக வற்றினால் பொடி உப்பு, ஆறுதலாக வற்றினால் கல்லுப்பு. பளிங்கு வருவதில் இரண்டு கட்டம் உண்டு: கரு உண்டாவது, பிறகு அந்தக் கரு வளர்வது. கரைசல் மிகைநிரம்பிய நிலைக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறதோ அவ்வளவுக்குக் கருக்கள் கூடும், இருக்கிற பொருளை எல்லாக் கருவும் பங்கு போடுவதால் ஒவ்வொரு பளிங்கும் சின்னதாகும்.

பொலிஎதிலீன் கிளைக்கோல், சுருக்கமாகப் பெக், இந்தக் கரைசலுக்குள் போனதும் மூன்று வேலை செய்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் தன் பக்கம் இழுத்து வைப்பதால் சைக்கிளோடெக்ஸ்ரினுக்குக் கரைந்திருக்கக் கிடைக்கிற தண்ணீர் குறைகிறது. நீளச் சங்கிலி சுருண்டு இடத்தை அடைப்பதால் மற்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளப்படுகின்றன. கரு உண்டான பின் அதன் முகங்களில் ஒட்டிக்கொண்டு, சின்னப் பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கவும் செய்யும். புரதங்களைப் பளிங்காக்குகிறவர்கள் 1970களில் இருந்தே இதே பெக்கைத்தான் பாவிக்கிறார்கள், ஆகவே தந்திரம் பழையது. ஒன்றைக் கவனியுங்கள், முதல் இரண்டும் கருவைக் கூட்டுகிற வேலைகள். கையில் எடுத்துப் பார்க்கிற அளவு பெரிய பளிங்குதான் வேண்டும் என்றால் பெக் உங்களுக்கான பொருள் இல்லை, மெதனோல் ஆவி முறையில் ஒரு கிழமை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

காமா வகையையே வாங்குங்கள். விலை கூட என்று அல்பா வகையை வாங்கினால் இந்தச் சோதனையே பிழைத்துவிடும், ஏனென்றால் அல்பா வளையங்கள் பெக் சங்கிலியில் மணி கோத்த மாதிரி ஏறி, வெள்ளையாக வீழ்படியும். பார்க்க வெற்றி மாதிரியே இருக்கும். ஜப்பானில் அகிரா ஹராடாவின் குழு 1990 இல் காட்டிய விஷயம் அது. காமா வளையம் பெரியது என்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரண்டு பெக் சங்கிலிகளைச் சேர்த்துப் போடுகிற பழக்கம் அதற்கும் உண்டு என்று அதே குழு 1994 இல் காட்டியது. இதற்காகத்தான் கீழே ஒரு ஒப்பீட்டுப் போத்தல் சொல்லப் போகிறேன்.

பெக்கில் 20000 என்று இலக்கம் போட்டதை எடுங்கள், அது சராசரி மூலக்கூற்று நிறை. மலச்சிக்கலுக்குப் பார்மசியில் கொடுக்கிற மக்ரோகோலும் பெக்தான், ஆனால் அது பெரும்பாலும் 3350, பல பைக்கற்றுகளில் உப்பும் சுவையூட்டியும் கலந்திருக்கும். அதே எடைக்குக் குட்டைச் சங்கிலியின் விளைவும் மெல்லியது. வேண்டாம்.

பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வில்லைகள்தான் எங்கள் ஊரில் பெரிய தலையிடி. கடற்காற்றில் ஈரம் இருப்பதால் தராசுத் தட்டில் வைத்த வில்லை பார்த்துக்கொண்டிருக்கவே நனைந்து பளபளக்கும், எடை ஏறிக்கொண்டே போகும், காற்றின் காபனீரொட்சைட்டையும் இழுத்துக் காபனேற்றாக மாறும். புதுப் போத்தலிலேயே வில்லையில் ஏறக்குறைய 85 வீதம்தான் ஐதரொட்சைட்டு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஒவ்வொரு தரமும் மில்லிகிராம் கணக்கில் நிறுக்காமல் ஒரு இருப்புக் கரைசல் செய்து வையுங்கள்: கொதிக்கவைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த தண்ணீரில் 1.32 கிராம் வில்லையைக் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கினால் லீற்றருக்கு 0.2 மூல் வரும். இறுக மூடிய பொலித்தீன் போத்தலில் வையுங்கள், கண்ணாடி மூடி போட்டால் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். இந்தக் கரைசல் ஐதாக இருந்தாலும் கண்ணுக்குப் பொல்லாதது, வில்லை இன்னும் மோசம்.

மெதனோலைப் பற்றி இரண்டு வசனம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும், தோலாலும் மூச்சாலும் உள்ளே போகும். அதன் தீப்பற்று வெப்பநிலை 11 அல்லது 12 பாகை, திருகோணமலையில் அறை வெப்பநிலை அதற்குக் கீழே ஒருநாளும் இறங்குவதில்லை, ஆகவே திறந்த மெதனோல் போத்தலுக்கு மேலே எப்போதும் பற்றக்கூடிய ஆவி நிற்கிறது என்று நினைத்தே வேலை செய்யுங்கள்: பன்சன் சுடரடுப்பு இல்லை, சுருள் கம்பி தெரிகிற ஹீற்றர் இல்லை, தண்ணீர்க் குளியல் மட்டும்.

செய்முறை

மூடி உள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் நாலு எடுத்து அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். அ முழுச் சோதனை. ஆவில் பெக் இல்லை. இயில் ஐதரொட்சைட்டு இல்லை, வெறும் தண்ணீர். ஈயில் சைக்கிளோடெக்ஸ்ரின் இல்லை. நாலையும் ஒரே நேரத்தில், ஒரே குளியலில் ஓட்ட வேண்டும். இன்றைக்கு அவசரம், அ மட்டும் போதும் என்று தோன்றும். கேட்காதீர்கள், அந்த மூன்றும் இல்லாமல் அவில் விழுந்த வெள்ளை எது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

அ போத்தலுக்கு: காமா சைக்கிளோடெக்ஸ்ரின் 163 மில்லிகிராமை 5 மில்லிலீற்றர் இருப்புக் கரைசலில் கரையுங்கள். ஒரு மூல் வளையத்துக்கு எட்டு மூல் ஐதரொட்சைட்டு என்பதே கணக்கு, அது இந்த அளவில் சரியாக வரும். கரைந்ததும் 0.45 மைக்ரோமீற்றர் ஊசி வடியால் தள்ளி வடியுங்கள். தூசி கிடந்தால் அதுவே கருவாகிவிடும், போத்தலுக்குப் போத்தல் வேறு வேறு முடிவு வரும்.

இனி 3 மில்லிலீற்றர் மெதனோலைச் சொட்டுச் சொட்டாக, ஆட்டிக்கொண்டே விடுங்கள். கரைசல் வெள்ளையாகக் கலங்கும். பயப்படத் தேவையில்லை, இறுக மூடி 50 பாகைத் தண்ணீர்க் குளியலில் வைத்தால் தெளியும். நுண்ணலை உபகரணம் உள்ளவர்கள் இதே 50 பாகையில் 10 நிமிடத்தில் இந்தக் கட்டத்தை முடிப்பார்கள் (வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு அதற்கு இல்லை, மெதனோலோடு அதில் விளையாடவே கூடாது). தண்ணீர்க் குளியலில் நேரம் பார்க்காமல் கரைசலைப் பாருங்கள், கண்ணாடி மாதிரித் தெளிந்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

பெக் 64 மில்லிகிராமை முன்னமே நிறுத்து, உரலில் நன்றாகப் பொடித்து வைத்திருங்கள். மொத்தம் 8 மில்லிலீற்றருக்கு மில்லிலீற்றருக்கு 8 மில்லிகிராம் என்ற கணக்கு. போத்தலைக் குளியலில் இருந்து எடுத்த கையோடு பொடியைப் போட்டு, கரையும் வரை மெதுவாகச் சுழற்றி, அசையாத இடத்தில் வையுங்கள். எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. குளிர் நாட்டு ஆய்கூடத்தில் அறை வெப்பநிலை என்று எழுதினால் அது இருபதுக்குக் கொஞ்சம் மேலே. இங்கே ஆடி மாதத்தில் மின்விசிறிக்குக் கீழேயே 32, 33 நிற்கும். 50 இல் இருந்து 22 க்கு இறங்கவேண்டிய கரைசல் 33 இல் நின்றுவிட்டால் மிகைநிரம்பல் போதாமல், இரண்டு மணித்தியாலம் போன பிறகும் ஒன்றும் விழாமல் இருக்கும், செய்முறை பிழை என்று நினைப்பீர்கள். குளிரூட்டிய அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பேசினில் குழாய்த் தண்ணீர் எடுத்து, ஐஸ் கட்டி ஒன்றிரண்டு போட்டு, வெப்பமானியை வைத்து 25 பாகைக்குக் கொண்டுவந்து போத்தல்களை அதில் நிறுத்துங்கள். நேரே ஐஸில் வைக்காதீர்கள், எல்லாம் ஒரேயடியாக மாவாக விழும்.

பத்து இருபது நிமிடத்தில் அ போத்தலில் அடியில் இருந்து மேலே ஒரு மங்கல் எழும். ஒரு மணித்தியாலத்தில் அடியில் வெள்ளைப் படிவு தங்கும். அதே நேரத்தில் ஆ போத்தலைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், அதில் படிவு குறைவாகவோ இல்லாமலோ இருக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் பெக் செய்த வேலை. ஆவிலும் அதே அளவு விழுந்திருந்தால் மெதனோல் கூடிவிட்டது, பெக்குக்கு நீங்கள் பாராட்டு கொடுக்க முடியாது.

பார்ப்பது

படிவில் ஒரு துளியைக் கரைசலோடேயே எடுத்து வழுக்கியில் வையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட சேர்க்கக் கூடாது, இந்தப் பளிங்கு தண்ணீரில் உடனே கரைந்துவிடும். விளக்கின் சூட்டில் மெதனோல் பறந்து, மிஞ்சிய ஐதரொட்சைட்டும் காபனேற்றும் ஊசி ஊசியாகப் பளிங்காகி உங்களை ஏமாற்றும் என்பதால், மூடுவழுக்கியின் ஓரத்தில் திரவப் பரஃபின் பூசி அடைத்துவிடுங்கள். பார்மசியில் கிடைக்கிறதே போதும். 400 மடங்கில் சில மைக்ரோமீற்றர் அளவுள்ள கனசதுரங்கள் தெரிய வேண்டும்: சில சதுரமாக, மூலை மேலே பார்த்து நிற்கிறவை அறுகோணம் மாதிரி. நுண்சீராக்கியைத் திருப்பினால் ஓரங்கள் கூர்மையாக வந்து போகும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பழுதான கல்குலேற்றரின் திரையில் இருந்து முனைவாக்கித் தகடு இரண்டு உரித்து எடுத்து, ஒன்றை வழுக்கிக்குக் கீழே, மற்றதைக் கண்வில்லைக்கு மேலே வைத்து, பார்வை இருளும் வரை ஒன்றைத் திருப்புங்கள். சிடி-மொஃப் கனசதுரச் சமச்சீர் உள்ள பளிங்கு, ஒளியை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கடத்தும், ஆகவே இருட்டில் அது இருட்டாகவே இருக்க வேண்டும். எதாவது பளிச்சென்று மின்னினால் அது வேறு பொருள், பெரும்பாலும் காபனேற்று அல்லது வெறும் சைக்கிளோடெக்ஸ்ரின். ஒரு பொறி இருக்கிறது: ஒழுங்கில்லாத தூளும் இருட்டாகத்தான் தெரியும். தகடு இல்லாமல் தட்டை முகமும் கூர் மூலையும், தகட்டோடு இருட்டு, இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் பளிங்கு. இ, ஈ போத்தல்களில் ஏதாவது விழுந்திருந்தால் அதையும் இதே மாதிரிப் பாருங்கள். இயில் வெள்ளை விழுந்தால் வளையமும் பெக்கும் மட்டும் சேர்ந்து போட்ட கூத்து அது.

கழுவுவதும் உலர்த்துவதும்

மையநீக்கியில் சுற்றி மேல்கரைசலை ஊற்றிவிட்டு, படிவை மெதனோலால் கழுவுங்கள். பலர் எதனோலோடு நிறுத்திவிடுகிறார்கள். நீளச் சங்கிலிப் பெக் குளிர்ந்த எதனோலில் நன்றாகக் கரையாது, மெதனோலில் கரையும். ஒரு தரம் கழுவி, புது மெதனோலில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் திரும்பக் கழுவுங்கள். பெக் சங்கிலி ஒல்லி, அதன் நுனி பளிங்கின் வாசலுக்குள் நுழைந்து இருந்துகொள்ள இடமுண்டு, அவசரப்பட்டுக் கழுவினால் வெளியே வராது.

மிச்சப் பெக்கை அகச்சிவப்பு நிறமாலையில் தேடினால் குழம்புவீர்கள், ஈதர்ப் பிணைப்பு இரண்டிலும் இருப்பதால் உச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பார நீரில் (D2O) கரைத்துப் புரோத்தன் காந்தப் பரிவு நிறமாலை எடுக்க முடிந்தால் 3.7 ppm அளவில் ஒரு ஒல்லியான தனி உச்சமாகப் பெக் எழுந்து நிற்கும், சைக்கிளோடெக்ஸ்ரினின் அகலக் கூட்டத்துக்கு நடுவிலும் தெரியும்.

உலர்த்த வெற்றிட உலர்த்தியும் சிலிக்கா ஜெல்லும். மெதனோல் நனைந்த தூளை நேரே சூட்டடுப்பில் வைக்காதீர்கள், முதலில் புகைக் கூண்டில் ஆவி போகட்டும், பிறகு 50 பாகை. கச்சான் அடிக்கிற மாதங்களில் இது பிரச்சினை இல்லாமல் முடியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை மழை தொடங்கிவிட்டால் தூள் காற்றில் நிற்க நிற்கவே ஈரம் இழுத்து மூலை மழுங்கும். மழைக் காலத்தில் செய்கிறவர்கள் பளிங்கை மெதனோலுக்கு அடியிலேயே வைத்திருந்து, தேவையான அன்று மட்டும் உலர்த்துவது புத்தி. கறண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

கடைசிச் சொல் எக்ஸ் கதிருக்குத்தான். தூள் மாதிரியை ஹோமாகமவில் இருக்கும் ஸ்லின்டெக் என்ற நனோதொழினுட்ப நிறுவனம் போன்ற இடத்துக்கோ, உபகரணம் உள்ள பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு, சின்னப் போத்தலில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து அனுப்புங்கள். செப்பில் இருந்து வரும் எக்ஸ் கதிருக்கு 4.0, 5.7, 7.0 பாகைக் கோணங்களில் (2θ) உச்சங்கள் வர வேண்டும். அளவீட்டை 10 பாகையில் இருந்து தொடங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அப்படிச் செய்தால் உங்களுக்கு வேண்டியது எல்லாம் விடுபட்டுப் போகும்; 3 பாகையில் இருந்து என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒன்றும் விழவில்லை என்றால்

முதலில் வெப்பநிலை, பிறகு மெதனோல். மெதனோலை அரை மில்லிலீற்றர் கூட்டிப் பாருங்கள், பெக்கைக் கூட்ட ஓடாதீர்கள். பெக் கூடினால் சிலவேளை கரைசல் இரண்டு படையாகப் பிரிந்து எண்ணெய்த் துளிகளாக நிற்கும், நுணுக்குக்காட்டியில் வட்டமாகத் தெரிகிறவை அவைதான், பளிங்கு இல்லை. எல்லாம் மாவாக விழுந்தால் குளிர்த்தியது கெதியாகிவிட்டது, அல்லது பெக் பாதி போதும்.

கொஃபுக்குப் போகும்போது

கை பழகிய பிறகு இமைன் கொஃப் செய்ய ஆசை வரும். அங்கே கதை கொஞ்சம் மாறும். அல்டிகைட்டும் அமைனும் சேர்ந்தவுடனே பிணைப்பு விழுந்து ஒழுங்கில்லாத தூளாகிவிடுவதுதான் பிரச்சினை, ஆகவே முதலில் தேவை வேகமில்லை, பிழையாக விழுந்த பிணைப்பு கழன்று திரும்பச் சரியாக விழுவதற்கான அவகாசம். 2018 இல் அனிலினைப் போட்டியாளராகச் சேர்த்து, வாரக்கணக்கில் பொறுத்து, கொஃப்-300 போன்றவற்றை 100 மைக்ரோமீற்றர் வரை தனிப் பளிங்காக வளர்த்தது இந்த வழியில். பொலிவினைல்பிரோலிடோன் மாதிரியான பல்பகுதியத்தை அங்கே சேர்ப்பது பெரும்பாலும் கருக்கள் ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக நின்று வளரட்டும் என்பதற்காக. அதனால் அங்கேயும் பல்பகுதியம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு போத்தலை ஒன்றாக ஓட்டுங்கள். அப்புறம், பலரும் தொடங்குகிற எல்இசட்யு1 என்ற கொஃபுக்குத் தேவையான பராபீனைலீன் டையமீன், கறுப்புத் தலைச்சாயத்தில் இருக்கிற அதே பொருள். தோலில் பட்டால் சிலருக்கு மோசமான ஒவ்வாமை வரும், உள்ளே போனால் நஞ்சு. மெல்லிய லேற்றெக்ஸ் கையுறையை நம்பாமல் நைத்திரைல் கையுறை இரண்டு சோடி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தூளைக் கூண்டுக்குள் வைத்தே நிறுங்கள்.